தரங்கம்பாடியில் சான்று தேடினோம்!

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. அபிராமி சந்நிதியில் எல்லாம் முடிந்து, சாப்பாடும் ஆகி, மத்தியானம் வேனில் ஏறும்போது யாராவது ஒருத்தர், "பக்கத்திலேதானே தரங்கம்பாடி, ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமே" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பத்து கிலோமீட்டர்கூட இல்லை. கோட்டை வாசலில் நின்று போட்டோ, கடலில் கால் நனைப்பு, கையில் ஒரு பொட்டலம் சுண்டல், அவ்வளவுதான், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படி நாலைந்து தடவை பார்த்தவள்தான். இந்த முறை பெரிய மாமனாரின் எண்பதாம் கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு நாள் தங்கிப் பார்க்கும்படி ஆயிற்று. அதற்குக் காரணம் என் மகளின் நோட்டுப் புத்தகம்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். லீவு நாட்களில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறாள். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்காக உங்களில் பலரும் அதைப் புரட்டியிருப்பீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியம் அது. ஆங்கிலத்தில் 2001-லும் தமிழில் 2003-லும் ஆரம்பித்தார்கள். சம்பளம் கிடையாது. எழுதினவர் பெயர் கட்டுரைக்கு மேலே கொட்டை எழுத்தில் வராது. "பின்னே எதுக்கடி ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கண் முழிக்கிறே?" என்று கேட்டால், "நீ எதுக்கம்மா யாரும் கேட்காமலே தினம் வாசல்ல கோலம் போடறே?" என்கிறாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது!

அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதுகிற தகவலுக்கு நம்பத் தகுந்த இடத்தில் வெளியான ஓர் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று யாராவது குறி போட்டுவிடுவார்கள். பிறகு அந்த வரியையே எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள். "நானே நேரில் பார்த்தேன்" என்பது செல்லாது. "எங்க பாட்டி சொன்னாங்க" என்பது சுத்தமாகச் செல்லாது. முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நேரில் பார்த்தது செல்லாது, யாரோ எழுதி வைத்தது செல்லும் என்றால் இது என்ன நியாயம்? அப்புறம் ஊருக்குப் போய்த்தான் என்ன பிரயோசனம்? "தப்பு எங்கே இருக்குன்னு நேரில் போனாத்தான் தெரியும்மா. சரி எதுன்னு காட்டத்தான் புஸ்தகம்" என்றாள்.

தரங்கம்பாடியைப் பற்றி ஆளாளுக்கு எழுதி வைத்திருக்கிற சங்கதிகளை எல்லாம் அவள் நோட்டில் வரிசையாக எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டம். சரியென்றால் டிக், இல்லையென்றால் இன்ட்டு. அதில் ஒரே ஒரு வரி எங்கள் குடும்பத்தையே தொடுவதாக இருந்தது. 'ஓசோன் காற்று அதிகம் வீசும் கடற்கரை இது. இங்கே தங்கினால் ஆஸ்துமா முதலிய சுவாச நோய்கள் குணமாகும்' என்கிற வரி. என் நாத்தனாரின் பையனுக்கு ஒன்பது வயசு. மூன்று வயசிலிருந்து வீசிங். எங்கேயோ இதைப் படித்துவிட்டு, கோடை லீவு முழுக்கக் கடற்கரைப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்குவது, அந்த மாதம் பம்ப்பை நிறுத்திப் பார்ப்பது என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். அறைக்கு விசாரிக்கத்தான் அவளும் எங்களோடு தங்கினாள். ஆகவே மகளுக்கு அது பட்டியலில் ஒரு வரி. எனக்கு அப்படி இல்லை.

மாமியாரின் பிறந்த வீடு பக்கத்துப் பொறையாரில். அங்கே தங்கிக்கொண்டு மறுநாள் காலை பலகாரம் முடித்துக் கிளம்பினோம்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வளைவு வாசல். 1660-களில் கட்டின பழைய வாசல் பழுதாகிப் போய், 1792-ல் திரும்பக் கட்டினது இது. வாசலைத் தாண்டினால் சந்தடி சட்டென்று குறைந்துவிடுகிறது. நேரே கடலைப் பார்த்து ஓடுகிற தெருவுக்கு ராஜா தெரு என்று பெயர். அந்த ராஜா நம் ஊர் ராஜா இல்லை, டென்மார்க் ராஜா! இரண்டு பக்கமும் கனத்த சுவர், பெரிய தூண், உயரமான ஜன்னல். 1701-ல் ஏற்பட்ட சீயோன் ஆலயம், 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் அந்தத் தெருவிலேயே. பத்து நிமிஷத்தில் தெரு முடிந்து கடல் வந்துவிடும்.

கோட்டையைப் பற்றின வரிகளில் அதிகக் குழப்பம் இல்லை. தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவ கெட்டே என்கிற டேனிஷ் தளபதி 1620-ல் கட்டத் தொடங்கினது டான்ஸ்பர்க் கோட்டை. நாயக்கர் அந்த ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. (நாம் தங்கத் தகடு என்றால் அட்சய திருதியைக்கு மேல் யோசிப்பதில்லை!) கோட்டைக்குள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான் சாமான்கள், பழைய ஆவணங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் வளைவு வளைவாகக் கூரை. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. சாமான் அறை, சமையல் கட்டு எல்லாம் கீழேதான். நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

விற்ற விலையில்தான் முதல் இன்ட்டு விழுந்தது. 'தரங்கம்பாடியை 1845-ல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள்' என்று எழுதியிருந்தது. வருஷம் சரி. வாங்கினது கிழக்கிந்தியக் கம்பெனி, அதுவும் சரி. ஆனால் அந்தப் பன்னிரண்டரை லட்சம் தரங்கம்பாடிக்கு மட்டும் கொடுத்த விலை இல்லை. வங்காளத்தில் டேனிஷ்காரர்கள் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்துக் கொடுத்தது. நாம் இரண்டு புடைவைக்குக் கொடுத்த பணத்தை ஒரு புடைவையின் விலையென்று சொன்னால் கடைக்காரர் சந்தோஷப்படுவார், நமக்கல்லவா நஷ்டம்!

அடுத்தது 'முதல்' விவகாரம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஏதாவது ஒன்று 'இந்தியாவிலேயே முதல்' என்று இருக்கத்தான் செய்கிறது. தரங்கம்பாடிக்கு, இந்தியாவின் முதல் அச்சகம், தமிழின் முதல் அச்சுப் புத்தகம் என்று இரண்டு பட்டம் கட்டியிருந்தார்கள். டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி இங்கே வந்து இறங்கினார். தமிழ் படித்தார். அச்சு யந்திரமும் எழுத்துக்களும் வரவழைத்து 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முழுசாக அச்சானது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் வாஸ்தவம். ஆனால் கோவாவில் போர்ச்சுக்கீசியர்கள் 1556-லேயே அச்சு யந்திரத்தை இறக்கிவிட்டார்கள். கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே 1578-ல் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு நூற்று முப்பது வருஷத்துக்கு மேலேயே முந்தி!

முதல் இல்லை என்றால் பெருமை போய்விடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெர்மனியில் வார்த்து வந்த தமிழ் எழுத்துக்கள் ரொம்பப் பெரிசாக இருந்ததால் காகிதம் போதவில்லை. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். சீமையிலிருந்து பாலாடைக் கட்டி, அதுதான் சீஸ், வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று அச்சு வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. காலி டப்பாவைத் தூக்கி எறிய மனசு வராதவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், பாருங்கள்! காகிதம் செய்யவும் பொறையாரில் ஓர் ஆலை வைத்தார்களாம். அந்த இடத்தைக் கடுதாசிப் பட்டறை என்று சொல்கிற வழக்கம் உண்டு. இதைக் கேட்டதும் மாமியாருக்கு ஒரே பூரிப்பு. "சின்ன வயசிலே அந்தப் பேரைச் சொல்லிட்டே திரிஞ்சிருக்கோம். ஏன் அந்தப் பேருன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கறிவேப்பிலைச் செய்திதான். 1768-ல் யோஹான் கேர்ஹார்ட் கேனிக் என்கிற மருத்துவர் தரங்கம்பாடிக்கு வேலைக்கு வந்தார். லின்னேயஸிடம் படித்தவர். இங்கே செடி கொடிகளைத் தேடித் தேடிச் சேகரித்து அனுப்பினார். நாம் தினமும் தாளிக்கிற கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில், 'கேனிகி' என்று ஒட்டிக்கொண்டிருப்பது இவர் பெயர்தான். இதற்கு டிக். ரசம் தாளிக்கும்போது இனிமேல் அவர் ஞாபகம் வரத்தான் போகிறது.

ஊர்ப் பெயரில் கொஞ்சம் சண்டையே வந்தது. தரங்கம் என்றால் அலை, ஆகவே 'அலைகள் பாடும் ஊர்' தரங்கம்பாடி என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடி என்றால் குடியிருப்பு, ஊர். ஆயர்பாடி, வாணியம்பாடி, காட்டுப்பாடி எல்லாம் நமக்குத் தெரிந்த ஊர்கள்தானே? காட்டுப்பாடியில் காடா உட்கார்ந்து பாடுகிறது? கடற்கரையில் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்று இருக்கிறது. குலசேகரன்பட்டினம் என்கிற பெயரும் இருந்திருக்கிறது. பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில் அது. சில புத்தகத்தில் 1305 என்றும் சிலதில் 1306 என்றும் போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டில் ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருஷம் என்றுதான் கணக்கு. அதை இங்கிலீஷ் வருஷமாக மாற்றும்போது ஒரு வருஷம் முன்னே பின்னே வரும். மகள் 'அலைகள் பாடும் ஊர்' என்பதை முழுக்க அடிக்கவில்லை. மக்கள் வழக்கில் இப்படிப் பொருள் சொல்கிறார்கள் என்றும், கல்வெட்டில் இப்படி இருக்கிறது என்றும் இரண்டையும் எழுதிக்கொண்டாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பாட்டைப் பிடுங்கிவிட்டால் ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள் அல்லவா?

அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. சமீப காலத்தில் திருப்பணி நடந்திருக்கிறது. அலையைத் தடுக்கப் பெரிய பெரிய பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அங்கே மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "கடல் முன்னே அந்தாண்ட இருந்துச்சும்மா" என்று கையைத் தூரமாக நீட்டிக் காட்டினாள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் இந்தக் கரை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர், எத்தனை வீடு என்பதும் மகளின் நோட்டில் ஒரு கட்டம்தான். ஆனால் அவளும் பேனாவை மூடிவிட்டாள். அந்த அம்மாளிடம் அதைக் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. அரசாங்கக் கணக்கைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் மாமியார் ரயிலைப் பற்றி ஆரம்பித்தார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி வரை 1926-லிருந்து ரயில் ஓடியது. மீட்டர் கேஜ். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். இந்த இரண்டு வருஷத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் மாமியாரிடம் இருப்பதோ வேறு. கல்யாணமான புதுசில் அந்த ரயிலில்தான் பிறந்த வீட்டுக்கு வருவாராம். டிரைவர் தெரிந்தவராக இருந்தால், ஓடி வருகிறவர்களைப் பார்த்து நிறுத்தி ஏற்றிக்கொள்வாராம். தீபாவளிச் சீர் கொண்டு வந்த தகப்பனார் பலகாரக் கூடையை வண்டியிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்க, கார்டு அதை மறுநாள் அதே வண்டியில் பத்திரமாகத் திருப்பி அனுப்பினாராம், ஒரு முறுக்குகூடக் குறையாமல்! மகள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "எழுதிக்கோடி" என்றேன். "எழுதிக்கறேன். ஆனா விக்கிப்பீடியாவிலே போட முடியாதும்மா" என்றாள். "ஏன், உன் பாட்டி பொய்யா சொல்றாங்க?" "பாட்டி பொய் சொல்லலே. ஆனா பாட்டியைத் தெரியாதவங்க எப்படி சரி பார்ப்பாங்க?"

மாமியார் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. நானும் மகளோடு அன்றைக்குச் சரியாகப் பேசவில்லை. ஓசோன் வரிக்கு வந்தபோதுதான் எனக்கு அந்தச் சட்டத்தின் மேலிருந்த கோபம் குறைந்தது.

இரண்டாம் நாள் காலையில் அந்த வரிக்குச் சான்று தேடினோம். கோட்டையில் கேட்டோம், கடைகளில் கேட்டோம், தங்கும் விடுதியில் கேட்டோம். "ஆமாம்மா, இங்க ஓசோன் ஜாஸ்தி" என்று எல்லோரும் சொன்னார்கள். யார் அளந்தார்கள், எந்த வருஷம் அளந்தார்கள், எவ்வளவு இருந்தது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. "இத்தனை பேர் எழுதியிருக்காங்களே அண்ணி, எல்லாருமா பொய் சொல்லுவாங்க?" என்றாள் நாத்தனார். மகள் செல்போனில் ஏழெட்டுக் குறிப்புகளை எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகக் காட்டினாள். ஒரே வாக்கியம்! ஒரு இடத்தில் விழுந்த எழுத்துப் பிழைகூட அப்படியே மற்றதிலும் இருந்தது. ஏழு பேர் சொன்னதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், சொன்னது ஒரே ஒருத்தர், மற்றவர்கள் பார்த்து எழுதினவர்கள். சில சமயம் விக்கிப்பீடியாவில் இருக்கிற தப்பைப் பத்திரிகை எடுத்துப் போட்டுவிடுமாம். அப்புறம் அந்தப் பத்திரிகையையே விக்கிப்பீடியாவில் சான்றாகக் காட்டிவிடுவார்களாம். பாம்பு தன் வாலையே விழுங்கின கதை.

ஓசோன் விஷயத்தை நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஆகாயத்தில் வெகு உயரத்தில் இருக்கிற ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காப்பாற்றுகிறது. அது நல்லது. அதே ஓசோன் தரையில், நாம் மூச்சு விடுகிற காற்றில் இருந்தால் கெடுதல். வண்டிப் புகையும் தொழிற்சாலைப் புகையும் வெயிலில் பட்டு உண்டாகிற வாயு அது. மூச்சுக் குழாயை எரிச்சல்படுத்தும், இருமல் வரும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இரைப்பை அதிகமாக்கும். காற்றில் எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு கட்டியிருக்கிறது. அப்படியானால் இந்தக் கடற்கரையில் நிஜமாகவே ஓசோன் அதிகம் என்றால், பையனை இங்கே கூட்டி வரவே கூடாது!

பின்னே, கடற்கரைக்குப் போனதும் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை? அது ஓசோன் இல்லை. கடலில் இருக்கிற நுண்ணிய பாசிகளிலிருந்து வருகிற, கந்தகம் கலந்த ஒரு வாயுவின் மணம்தான் அதில் முக்கியம். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பாவில் கடல் காற்றில் ஓசோன் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களே நம்பி, நோயாளிகளைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அந்த நம்பிக்கை அங்கே போய்விட்டது. இங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

நாத்தனாருக்கு மகள் சொன்னதில் பாதி நம்பிக்கைதான். சின்னப் பெண் பேச்சு என்று நினைத்திருக்கலாம். ஆகையால் திரும்புகிற வழியில் மாயவரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் பையனைப் பரிசோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். கடல் காற்று தூசி இல்லாமல் இருந்தால் சில குழந்தைகளுக்குச் சுகமாக இருக்கும், தாராளமாக விளையாடட்டும். ஆனால் பம்ப் இரண்டு விதம். இரைப்பு வந்தால் உடனே எடுக்கிறது ஒன்று. இரைப்பு இல்லாத நாளிலும் தினம் எடுக்கிறது மற்றொன்று. "நல்லாத்தானே இருக்கான்னு அந்த ரெண்டாவதை நீங்களா நிறுத்தினீங்கன்னா, ஒரு நாள் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். குறைக்கணும்னா நான் குறைக்கறேன்" என்றார். வெளியே வந்ததும் நாத்தனார் வாயைத் திறக்காமல் போனை எடுத்து, அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பையன்தான், "அப்போ கடலுக்கு வர மாட்டோமா அத்தை?" என்று என் புடைவையைப் பிடித்துக்கொண்டான். "வருவோம்டா, பம்ப்பையும் எடுத்துக்கிட்டு வருவோம்" என்றேன்.

மற்ற வரிகளை அப்படியே வீட்டுக்கு வந்து முடித்தாள். மாவட்டம் என்ற இடத்தில் பல பேர் இன்னமும் நாகப்பட்டினம் என்றே எழுதுகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1991-ல் நாகைக்குப் போய், 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் ஆகிவிட்டது. மாமியார் மட்டும் தஞ்சாவூர் ஜில்லா என்றே சொல்கிறார். அவரைத் திருத்த யாராலும் முடியாது! அவர் சொன்ன ரயில் கதைகளை நான் பழைய டைரி ஒன்றில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முறுக்குக் கூடை வரைக்கும் வந்திருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால், மயிலாடுதுறையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். காரைக்கால் போகிற பஸ்களில் ஏறிப் பொறையாருக்கு முன்னால் இறங்கிக்கொள்ளலாம். ஊருக்குள் பெரிய சாப்பாட்டுக் கடைகள் குறைவு, கட்டுச்சாதம் எடுத்துப் போவது உத்தமம். தெருக்களில் நிழல் கிடையாது, குடை அவசியம். கடலில் பாறை கொட்டியிருக்கிற பக்கம் குழந்தைகளை இறக்க வேண்டாம். முக்கியமாக, வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.